ஓரெழுத்துத் தவணை

செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு
நூற்றுப் பதினான்கு கைபேசிகளில் ஒரே செய்தி:
தங்கள் நகைக்கடன் தவணை இன்றுடன் முடிகிறது.
மீட்கத் தவறினால் ஏலம்.

அனுப்பியது ஆளில்லை. நான் எழுதிய நிரல்.
நிரலில் ஒரு வரி.
வரியில் ஓர் எழுத்து.

கோட்டையூர் கிளைக்கு வண்டியை விரட்டினேன்.
கதவு திறக்குமுன்பே நின்றிருந்தாள் ரீத்தாள்,
தேவகோட்டை ரஸ்தாவில் புரோட்டாக் கடை,
கையில் மாவு காயவில்லை.

"நேத்து மத்தியானந்தானே வச்சேன்?
மூணே முக்கால் பவுன், மகன் பாலிடெக்னிக் பீசுக்கு.
ஒரு வருசம்னு சொன்னீகளே,
ஒரு ராத்திரியிலயா ஓடிப்போச்சு?"

திரையைத் திருப்பிக் காட்டவில்லை நான்.
காட்டி என்ன சொல்ல?
yy என்றால் வருடம்.
mm மாதம்; ஒற்றை m-உம் மாதம்தான்,
நிமிடமென்று நம்பினால் கெட்டோம்.
நிமிடத்துக்கு mi, அல்லது வெறும் n.
அந்த n-ஐத் தமிழ் தெரிந்த எவனோ வைத்தான் என்று
கல்லூரியில் இரண்டு வருடம் நம்பியிருந்தேன்.
d நாள். dd-உம் நாள்.
ஒற்றையும் இரட்டையும் ஒன்றே என்று
விரலுக்குப் பழகிவிட்டது.

y மட்டும் வருடமில்லை.
வருடத்தில் இது எத்தனையாவது நாள்
என்பதற்கான சுருக்கம் அது.
ஒன்றைக் கூட்டினால் ஒரு நாள் கூடும், அவ்வளவுதான்.
சிவப்புக் கோடு விழாது. பிழை என்று கத்தாது.
கேட்டதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

மேலாளர் சாத்தப்பன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"ஒரே ஒரு எழுத்த மிச்சம் பிடிச்சீக.
அதுக்கு நூத்திப் பதினாலு பேர்ட்ட மன்னிப்புக் கேக்கணும்.
சிக்கனம்னா என்னன்னு எனக்குத் தெரியும்.
இது அதுல சேராது."

அவர் தலைக்குப் பின்னால் சட்டமிட்ட கடன் பத்திரம்,
முனீஸ்வரன் கோயில் தெருவில் அலங்காரத்துக்கு வாங்கியது.
யார் பட்ட கடனோ.
சௌமிய ௵ ஆவணி ௴ 17 ௳.
மூன்று சுருக்கம், மூன்று சுழி.
தலைகுனிய இடமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
௴ இருக்குமிடத்தில் முதலில் வேறெதுவோ எழுதி
அதன் மேலேயே அழுத்தித் திருத்தியிருக்கிறது ஒரு கை.
மை அங்கே மட்டும் கொழுத்துக் கிடந்தது.
எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஒன்பது இடத்தில் y. தேடிப் பிடித்து
year என்று நான்கெழுத்தும் விரித்தேன்.
பக்கத்தில் ஒரு w,
வாரமென்று நினைத்துப் போட்டது.
அதுவும் நாள்தானாம்.
நாளைக்கு வெடித்திருக்கும்.

ரீத்தாள் போகவில்லை.
"சும்மா கேக்குறேன்,
நெசமாவே ஒரு வருசம் போயிருந்தா நல்லதுதான்.
அவன் மொதல் வருசப் பரீட்சை முடிச்சிருப்பான்.
கடை வாடகை பாக்கியும் ஒருவழியா தீந்திருக்கும்.
ஆனா வட்டியும் ஒரு வருசத்துக்குல்ல கேப்பீக?"

வட்டி ஒரு நாளுக்குத்தான் ஏறியிருந்தது.
அந்த வரியில் நான் தப்பு செய்யவில்லை.
அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

புது ரசீது அச்சாகி வந்தது.
அவள் அதைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை நீட்டினாள்:
"மெசினு வேணாம். பேனாவால எழுதுங்க."

எழுதினேன்.
அடுத்த வருடம், ஜூன் மாதம், பதினாறாம் நாள்.
ஒன்றையும் சுருக்கவில்லை.

எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
காகிதத்தை மறுபடி என் பக்கம் தள்ளினாள்.
"எந்த வருசத்துக்கு அடுத்த வருசம்னு
போடலையே."

போட்டேன்,
நான்கு இலக்கமும்.